பிலிருபின் வேறு, பித்த அமிலம் வேறு

“எல்.எஃப்.டி. (கல்லீரல் பரிசோதனை) நார்மல், காமாலையும் இல்லை. அப்புறம் எதற்கு இன்னொரு டெஸ்ட்?” ஏழாம் மாதம், எட்டாம் மாதம் ஓடும் பெண்ணுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது என்று பேச்செடுத்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. மாமியார் கேட்கிறார், வீட்டுக்காரர் கேட்கிறார். அவர்களைக்கூட மன்னிக்கலாம். ரத்தம் எடுக்கிற இடத்திலேயே சிலர், “பிலிருபின் 0.6தாம்மா, பயப்படாதீங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அரிப்புக்குக் காரணமும் தயாராக வைத்திருப்பார்கள்: பிள்ளைக்கு முடி முளைக்கிறது, உடம்பு சூடு, வயிறு விரிகிறது. வயிறு விரிந்தால் வயிறுதானே அரிக்க வேண்டும்? ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உள்ளங்கால் ஏன் அரிக்கிறது?

பிலிருபின் என்பது ஆயுள் முடிந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் சிதைந்து வரும் மஞ்சள் நிறமி, வெறும் கழிவு. பித்த அமிலத்தைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து வேண்டுமென்றே தயாரிக்கிறது. பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு எடுப்பதுபோல, சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் கரைத்துக் கொடுப்பது அதன் வேலை. இரண்டும் ஒரே பித்தநீரில் கலந்து ஒரே குழாயில் குடலுக்குப் போகின்றன. அதற்குமேல் அவற்றுக்குள் உறவில்லை. கல்லீரல் செல்லை விட்டு வெளியேறும் வாசல்கூட வேறு வேறு புரதங்கள். கர்ப்பகால ஹார்மோன்களால் பித்த அமிலத்தின் வாசல் மந்தமாகும்போது, பிலிருபின் பாட்டுக்கு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கும். கண் மஞ்சளாகாது, சிறுநீரின் நிறமும் மாறாமல் இருக்கலாம். அரிப்பைத் தரும் இந்த நிலைக்குத்தான் கர்ப்பகாலப் பித்தத்தேக்கம் என்று பெயர்; அது வந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் காமாலை வருவதே இல்லை. எல்.எஃப்.டி.யில் வரும் அல்கலைன் பாஸ்படேஸும் இங்கே உதவாது. நஞ்சுக்கொடியே அதைச் சுரப்பதால் கடைசி மாதங்களில் எல்லோருக்கும் ஏறித்தான் இருக்கும். முக்கியமான விஷயம், நம் ஆய்வகங்கள் வழக்கமாகத் தரும் எல்.எஃப்.டி. தொகுப்பில் பித்த அமிலம் கிடையவே கிடையாது. அளக்காத ஒன்றை நார்மல் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அரிப்போடு முடிகிற சமாசாரமாக இருந்தால் நான் இவ்வளவு கத்தமாட்டேன். 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வைப் பாருங்கள். ஒற்றைக் குழந்தை சுமந்தவர்களில், பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தபோது குழந்தை வயிற்றிலேயே இறந்தது 0.13 சதவீதம். 40 முதல் 99 வரை 0.28 சதவீதம். 100ஐத் தொட்டதும் 3.44 சதவீதம். முதல் இரண்டும் பொதுவான ஆபத்தை ஒட்டியே இருக்கின்றன; மூன்றாவது எங்கோ போய்விட்டது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த எண்ணை வைத்துத்தான் பிரசவத் தேதியையே யோசிக்கச் சொல்கிறது: 100ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 35–36 வாரத்தில், 40 முதல் 99 என்றால் 38–39 வாரத்தில். இந்த முடிவை பிலிருபினைப் பார்த்து எடுக்க முடியாது.

இன்னொரு பிடிவாதம், வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது. பித்தப்பை சுருங்குவதே சாப்பிட்ட பிறகுதான். பித்த அமிலம் குடலுக்கு வந்து, பெரும்பகுதி சிறுகுடலின் கடைக்கோடியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பும்போது ரத்தத்தில் அளவு ஏறுகிறது. கர்ப்பிணியைப் பட்டினி போட்டு ரத்தம் எடுத்தால் அந்த ஏற்றம் தப்பிவிடக்கூடும். அதே வழிகாட்டுதல் சாப்பிட்டபின் எடுத்த ரத்தத்தையும் ஏற்று, 19 மைக்ரோமோல் என்ற எல்லையை வைத்திருக்கிறது. 10 என்பது வெறும் வயிற்றுக்கான பழைய எல்லை. எப்போது எடுத்த ரத்தம் என்று எழுதாமல் 14 என்று ஒரு ரிப்போர்ட் கொடுத்தால், ஒரு டாக்டர் பயமுறுத்துவார், இன்னொருவர் பாராட்டுவார்.

மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. மொத்த அளவுக்கு நொதி முறையே போதும். 3-ஆல்ஃபா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி ஒரே பித்த அமில மூலக்கூறைத் திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் மாற்ற, ஒவ்வொரு சுற்றிலும் சேரும் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் அளக்கிறோம். சாதாரண ஆட்டோ அனலைசரில் நடக்கிற வேலை. எந்த அமிலம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் பெரிய கருவி. அங்கேயும் டிஆக்ஸிகோலிக், கீனோடிஆக்ஸிகோலிக், அர்சோடிஆக்ஸிகோலிக் மூன்றுக்கும் நிறை ஒன்றே. முன்னால் இருக்கும் குரோமடோகிராபி குழாய் அவற்றைப் பிரித்து அனுப்பாவிட்டால், கோடி ரூபாய்க் கருவியும் மூன்றையும் ஒன்றாகவே எண்ணும்.

இந்த அரிப்புக்குக் கொடுக்கும் அர்சோ (அர்சோடிஆக்ஸிகோலிக் அமில) மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை ஆய்வகத்தில் சொல்லியே ஆக வேண்டும். அந்த மாத்திரையே ஒரு பித்த அமிலம். நொதி முறை அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். மாத்திரை ஆரம்பித்த பிறகு எண் ஏறினால் உடனே மருந்தைத் திட்டாதீர்கள். இறங்கினால் குழந்தை பத்திரம் என்றும் நம்பிவிடாதீர்கள். பிரிட்டனில் 605 கர்ப்பிணிகளிடம் நடந்து 2019இல் முடிவு வெளியான சோதனையில், குழந்தைகளுக்கு நேரும் ஆபத்துகளை இந்த மருந்து குறைத்ததாகத் தெரியவில்லை.

வேறு சில கட்டுக்கதைகளும் உண்டு. பித்தப்பையை எடுத்துவிட்டால் பித்த அமிலமே இருக்காதாம். அது கிடங்கு மட்டும்தான், உற்பத்தி கல்லீரலில். இளநரைக்கும் தலைச்சுற்றலுக்கும் பித்தம்தான் காரணம் என்று ‘பித்த டெஸ்ட்’ கேட்டு வருகிறவர்கள் காசை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

பல வருடமாக நான் சொல்லிச் சொல்லி அலுத்த கோரிக்கை ஒன்று உண்டு. பித்த அமில ரிப்போர்ட்டில் மூன்று விவரம் அச்சாக வேண்டும்: எந்த முறையில் அளந்தது, கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம், அர்சோ எடுக்கிறாரா இல்லையா. மென்பொருளில் மூன்று கட்டம் சேர்ப்பதற்கு என்ன செலவாகிவிடும்? விளம்பரப் பலகைக்குப் பணமிருக்கிறது, இதற்கு மட்டும் மனமில்லை.

கர்ப்பத்தின் பிற்பாதியில், தடிப்போ சொறியோ இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் டாக்டரிடம் ‘பைல் ஆசிட்’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள். முதல் தடவை சரியாக இருந்தும் அரிப்பு நிற்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அரிப்பு முதலில் வந்து, அளவு சில வாரம் கழித்து ஏறுவதும் உண்டு.