பெட்டிக்குள் ஒரு கழுதைத் தாடை

நம் சங்க விழாக்களில் தும்பா வாசித்தவன் என்பதால், "மெஷின் தாளம் எப்படி வருகிறது மாமா?" என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985-இல் டி.ஆர்-727 என்ற தாளப் பெட்டியை வெளியிட்டது. பாங்கோ, காங்கா (நம் தும்பாதான்), டிம்பாலே, மராக்காஸ், விசில் என்று எல்லாமே லத்தீன் அமெரிக்க ஓசைகள். அவற்றில் எனக்குப் பிடித்தது கிஹாடா. அது காய்ந்த கழுதைத் தாடை எலும்பு. கையால் குத்தினால் ஆட்டம் கண்ட பற்கள் கடகடக்கும். பெரு நாட்டில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழியினர் வளர்த்த வாத்தியம்.

அசல் ஓசையைப் பதிவு செய்து, எண்களாக்கிச் சில்லில் அடைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் எண்கள் மீண்டும் ஓசையாகும். அன்று நினைவுச் சில்லுகள் விலை அதிகம். அதனால் ஓசைகள் குட்டையாக, சற்றே கரகரப்பாக இருக்கும். சிகாகோவின் 'ஹவுஸ்' நடன இசைக்காரர்கள் அந்தக் கரகரப்பையே விரும்பினார்கள்!

காங்காவுக்கு அதில் மூன்றே ஓசைகள். உள்ளங்கை, விரல்நுனி, அறை என்று என் கை அதைவிட அதிகம் பேசும். ஆனாலும் ஒரு மெல்லிசைக் குழு என்னை நிறுத்திவிட்டு இப்படியொரு பெட்டியை வைத்தது. பெட்டி காலம் தப்பாது, சம்பளமும் கேட்காது.

இப்போது பேரன் அதே ஓசைகளைக் கணினியில் ஓடவிட்டு, "தாத்தா, கூட வாசிங்க" என்கிறான். தும்பாவுக்குப் புதுத் தோல் போட்டிருக்கிறேன்.