தைராய்டு மாத்திரை: அளவைக் கூட்டுமுன் அறிய வேண்டியவை



"மாத்திரை ஒழுங்காத்தான் திங்கேன் டாக்டரம்மா, ஆனாலும் உடம்புக்கு ஒரு பெலனும் இல்ல." எங்கள் வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

அண்டி ஆபீசில் வேலை செய்யும் ஒரு சகோதரி. வயது நாற்பத்தைந்து இருக்கும். தைராய்டு குறைவுக்காக நாள்தோறும் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் சாப்பிட்டு வந்தார். வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் அதையும், இரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் சாயாவோடு சேர்த்து விழுங்கிவிடுவார். அசதி தீரவில்லை. பக்கத்து வீட்டார் சொல்லைக் கேட்டு, தாமாகவே தைராய்டு மாத்திரையை இரண்டாக்கிக்கொண்டார். அதே சமயத்தில் இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துபோயிற்று, மறுபடி வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை ஆகியவற்றோடு எங்களிடம் வந்தார்.

நடந்தது என்ன?

இரும்புச்சத்து, கால்சியம், சில நெஞ்செரிச்சல் மருந்துகள், சாயா, காப்பி ஆகியவை தைராக்ஸின் குடலில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே முதலில் அவர் சாப்பிட்ட மாத்திரை முழுதாக உடம்பில் சேரவில்லை. இரும்புச்சத்து நின்றபின், இரட்டிப்பான மாத்திரை பெருமளவு சேர்ந்துவிட்டது. மிஞ்சிய தைராக்ஸின் இருதயத்தை விரட்டியது. இது நீடித்தால் இருதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் மெலியும்.

ஏன் ஆறு வாரம் காத்திருக்கிறோம்?

தைராக்ஸின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. உடம்பில் சேர்ந்த அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அதிகமாக அனுப்பும். கூடினால் அதைக் குறைக்கும். இந்தக் கணக்கு நிலைப்பட ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதன்பின் டி.எஸ்.எச். பரிசோதனையைப் பார்த்தே அளவை 12.5 அல்லது 25 மைக்ரோகிராமாகக் கூட்டுவோம், குறைப்போம். முதியவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் மிகக் குறைந்த அளவில் தொடங்குவோம். இன்று அசதி என்று நாளைக்கே கூட்டுவது சரியல்ல.

அளவு சரி, அசதி மட்டும் போகவில்லை

அந்தச் சகோதரியைப் பழைய அளவுக்கே திருப்பினோம். எழுந்தவுடன் வெறும் தண்ணீரோடு சாப்பிடச் சொன்னோம். படபடப்பு அடங்கியது. ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்தது. அசதியோ அப்படியே இருந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம்தான். மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு இருந்ததை அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் சிகிச்சை அளித்து, இரும்புச்சத்தை மத்தியானத்துக்கு மாற்றினோம். மூன்று மாதத்தில் தெம்போடு வேலைக்குப் போனார்.

டி.எஸ்.எச். சரியாக இருந்தும், 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு ஏதாவது தொந்தரவு மிஞ்சுகிறது. இதை மனப்பிரமை என்று தள்ளிவிடக் கூடாது. தைராய்டின் தலையிலும் கட்டிவிடக் கூடாது. இரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை நோய், தூக்கக் குறைவு, மாதவிடாய் நிற்கும் பருவம், மனச்சோர்வு, வேறு மருந்துகள் ஆகிய ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். சிலருக்கு எதுவும் அகப்படுவதில்லை. அப்போதும் அவர்கள் சொல்வதைக் கேட்டு, இடைவிட்டுப் பார்ப்பது எங்கள் கடமை.

மரச்சீனி தின்னலாமா?

விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் (1880–1885) திருவிதாங்கூரில் பரப்பப்பட்ட கிழங்கு இது. இதிலுள்ள ஒரு பொருள், உணவில் அயோடின் குறையும்போது தைராய்டைப் பாதிக்கக்கூடும். துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டினால் அது வெகுவாகக் குறையும். அயோடின் உப்பும் கடல் மீனும் சேர்த்து உண்பவர்கள் அளவாகத் தின்பதில் தவறில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தைராக்ஸினே நேரடியாகக் கிடைப்பதால், எல்லா அசதிக்கும் கிழங்கைப் பழிக்க வேண்டாம்.

நினைவில் வைக்க:

1. வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுங்கள். சாயாவும் பலகாரமும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து.
2. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.
3. மாத்திரைப் புட்டியை வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள்.
4. கர்ப்பமானால் மாத்திரையை நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் வாருங்கள். அளவு கூட்ட வேண்டிவரும்.
5. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தாறுமாறான துடிப்பு இருந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.
6. அடுத்தவர் அளவு உங்கள் அளவல்ல.

1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு குறைவால் வாடிய ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுத்தார். அதற்குப்பின் அவர் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நம் கையில் அளவிட்ட மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. இரண்டையும் பொறுமையோடு பயன்படுத்துவோம். இப்பக்கத்தை வாசித்தபின், மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குக் கொடுத்துதவுங்கள்.