கையில் காசில்லாத வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்குவது?

சென்னை மந்தைவெளிக்காரர்களுக்கு ‘20 ரூபாய் டாக்டர்’ என்றால் போதும், யாரென்று தெரிந்துவிடும். இருபது ரூபாய் ஃபீஸில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெகன்மோகன் 2018-ல் மறைந்தார். அந்தப் பெயர் இன்னும் பேச்சில் இருக்கிறது.

எலக்ட்ரீஷியனும் ப்ளம்பரும் அவரைப் போல எல்லாருக்கும் குறைவாக வாங்க முடியுமா? முடியாது, முயலவும் வேண்டாம். டாக்டர் ஒரே அறையில் உட்கார்ந்து வரிசையாக ஆட்களைப் பார்க்கலாம். ப்ளம்பர் ஒரு நாளில் நான்கு வீடு ஏறி இறங்குவதே பெரிது. ஆனால் கொடுக்க முடியாதவர்கள் சிலருக்குக் குறைக்கலாம். குறைக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எதில் குறைப்பது, யாருக்குக் குறைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

உங்கள் கூலியில் மட்டும் குறையுங்கள். ஒயர், குழாய், கெப்பாசிட்டர் எல்லாம் கடைக்காரர் காசு. ஹெல்பரின் நாள் சம்பளம் அவர் வீட்டு அரிசி. தாராளம் காட்டுவது நீங்கள், அதற்கு விலை கொடுப்பது அந்தப் பையன் என்றால் அது உதவியே அல்ல. மட்டமான சாமான் போட்டு விலையை இறக்குவது அதைவிட மோசம். எர்த் இல்லாமல் ஹீட்டர் மாட்டித் தருவதற்குப் பதில், மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வருவதே மேல்.

பெரும்பாலும் தள்ளுபடியைவிடச் சிறிய வேலையாக முடித்துத் தருவதே பெரிய உதவி. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் கெப்பாசிட்டரைப் பாருங்கள். அது போனதற்காகப் புது ஃபேன் வாங்கச் சொல்லாதீர்கள். மோட்டாருக்குக் காயில் கட்டினால் போதுமென்றால் அதை முதலில் சொல்லுங்கள். முதலில் செலவை இறக்குவது: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன வழியும் இதுதான். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகாததால், 1992-ல் அரோலேப் என்ற பெயரில் சொந்தமாகவே தயாரிக்கத் தொடங்கினார்கள். செலவு இறங்கியது இலவச அறுவை சிகிச்சைகளுக்குக் கைகொடுத்தது.

யாருக்குக் குறைப்பது என்பதற்கும் அங்கே விடை இருக்கிறது. கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. நீங்களும் துருவிக் கேட்காதீர்கள், வீட்டைப் பார்த்தும் எடை போடாதீர்கள். மந்தைவெளியின் பழைய அடுக்ககங்களில் சொந்த வீடு இருந்தும் சின்ன பென்ஷனில் மாதத்தை ஓட்டும் பெரியவர்கள் உண்டு. வாய் வலிக்கப் பேரம் பேசுபவர் பெரும்பாலும் பணம் உள்ளவர். இல்லாதவர் பேரம் பேசுவதில்லை, வேலையையே தள்ளிப்போடுகிறார். “இப்போதைக்கு லைட் மட்டும் எரிஞ்சாப் போதும்பா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்ற பேச்சைக் காதில் வாங்குங்கள்.

சொல்லும் விதமும் முக்கியம். “பாவம், இருக்கட்டும்” என்ற குரல் வேண்டாம். வேலை தொடங்கும் முன்பே, “கூலி நானூறு வரும்மா, நீங்க இருநூறு குடுங்க, சாமானுக்குக் கடை பில்லு தரேன்” என்று சொல்லிவிடுங்கள். முழுத் தொகையையும் குறைத்த தொகையையும் பில்லில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த இருநூறே உங்கள் ரேட் என்று தெரு முழுக்கப் பரவிவிடும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: வேலை முடித்துத் தரும் பில்லிலேயே தள்ளுபடியைக் காட்டினால் குறைத்த தொகைக்குத்தான் வரி.

மழைக்காலத்துக்கு ஒரு தனி வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு சென்னையில் எத்தனையோ வீடுகளில் மோட்டாரும் ஃப்ரிட்ஜும் தண்ணீரில் நின்று கெட்டன. அப்படிப்பட்ட வாரத்தில் கேட்டதைக் கொடுக்க ஆள் இருக்கும். வழக்கமான கூலியை ஏற்றாமல் இருந்தாலே அது பெரிய தள்ளுபடி.

கடன் சொல்ல விடாதீர்கள். முந்நூறு, நானூறு பாக்கி நின்றால் கூச்சத்தில் அவர் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார். பணமும் போகும், அந்த வாடிக்கையும் போகும். அதற்குப் பதில் குறைத்து வாங்கிக் கணக்கை அன்றே முடிப்பது நல்லது. தொகை பெரிதென்றால் சாமான் பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, கூலியைத் தேதி போட்டு இரண்டு தவணையாக்குங்கள்.

மாதத்துக்கு எவ்வளவு கூலியை விட முடியும் என்று உங்கள் வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், வண்டித் தவணை எல்லாம் போக முதல் தேதியே ஒரு தொகை ஒதுக்குங்கள். அது தீர்ந்தபின் யாராவது கேட்டால், “இந்த மாசம் முடியலம்மா, அடுத்த மாசம் முதல் வாரம் வரட்டுமா?” என்று நேராகச் சொல்லலாம். சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டால் மட்டும் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே போய்ச் சரிசெய்துவிடுங்கள்.