கண்ணாடியும் கைப்பேசியும்: தோற்றக் கவலை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

நிறம், மூக்கு, முகப்பரு, முடி உதிர்வது, ஒல்லி, குண்டு என்று தோற்றத்தைப் பற்றிய வருத்தம் எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். அந்த வருத்தத்தால் ஒருவர் கல்லூரிக்கு மட்டம் போடுகிறார், குடும்பப் படம் எடுக்கும்போது நழுவிவிடுகிறார், ஒரு நாளில் பல மணி நேரம் கண்ணாடி முன் நிற்கிறார் என்றால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. இப்படித் தவிப்பவர்களுக்காகச் செல்போன் வழிப் பயிற்சிகள் வந்திருக்கின்றன. அவற்றில் சில முறையான ஆய்வுகளில் தேறியவை. ஆனால் அவற்றைச் சுற்றி உலவும் தவறான எண்ணங்கள் நிறைய.

நம்பிக்கை: செல்போன்தானே இந்தக் கவலையைக் கொடுத்தது? அதுவே எப்படி மருந்தாகும்?

பாதி உண்மை. கனடாவின் ஒட்டாவா நகரில், மனச்சோர்வோ பதற்றமோ இருந்த 17 முதல் 25 வயது வரையிலான 220 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2023இல் வெளியான அதில், ஒரு பிரிவினர் மூன்று வாரங்களுக்குச் சமூக ஊடகத்தை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டார்கள். தங்கள் தோற்றத்தையும் எடையையும் பற்றிய அவர்களுடைய எண்ணம் தெளிவாக மேம்பட்டது. குறைக்காதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

ஆனால் வேர் செல்போனில் இல்லை. நிறப் பாகுபாட்டுக்கு எதிரான 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைச் சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு தொடங்கியது 2009இல். ஸ்மார்ட்போன் அப்போது இங்கே வெகு சிலரிடம்தான் இருந்தது. சிவப்பழகு விளம்பரங்களும் மணமகள் தேவை வரிகளும் அதற்கு முன்பே வேலையைச் செய்துவிட்டிருந்தன.

தன் முகத்தைப் பிறர் பார்ப்பதற்கே கூசுபவர் மருத்துவமனையில் பத்துப் பேர் நடுவே டோக்கனோடு உட்காரத் தயங்குவார். அந்தத் தயக்கம் இந்தக் கவலையின் ஒரு பகுதி. அறைக்குள்ளேயே, ஒருவர் முகத்திலும் விழிக்காமல் முதல் அடியை எடுத்துவைக்க வழி கிடைப்பது அவருக்குப் பெரிய விஷயம். செல்போன் வழிச் சிகிச்சையை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

நம்பிக்கை: செல்ஃபி பொய் சொல்லாது.

சொல்லும். முகத்திலிருந்து 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணக்கிட்டது. கை நீட்டும் தூரத்தில் மூக்கு கேமராவுக்கு மிகப் பக்கத்திலும் காதுகள் அதைவிடத் தள்ளியும் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பது பெரிதாக விழுகிறது, அவ்வளவுதான். செல்ஃபியைக் காட்டி மூக்கை அறுவைச் சிகிச்சையில் மாற்றக் கேட்பவர்கள், முதலில் ஐந்தடி தள்ளி நின்று யாரையாவது ஒரு படம் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: படம் எடிட் செய்யப்பட்டது என்று தெரிந்துவிட்டால் பாதிப்பு இருக்காது.

பிரான்ஸ் 2017 முதலும் நார்வே 2022 முதலும் உடலைத் திருத்திக் காட்டும் விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கின்றன. நோக்கம் நல்லது. ஆனால் ஆஸ்திரேலிய உளவியலாளர் மரிகா டிக்மன் உள்ளிட்டோர் செய்த சோதனைகளில், அந்தக் குறிப்பைப் படித்தவர்களுக்கும் தங்கள் உடல்மீதான அதிருப்தி குறையவில்லை. அறிவு விழித்துக்கொள்வதற்குள் மனம் ஒப்பிட்டு முடித்துவிடுகிறது.

நம்பிக்கை: "நீ அழகுதான்" என்று தினமும் சொல்லும் ஆப் இருந்தால் போதும்.

அதிகம் பேரைத் தவறான பக்கம் இழுத்துச் செல்வது இந்த எண்ணம்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 'நான் நேசிக்கத்தக்க மனிதர்' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, தன்மதிப்பு குறைந்தவர்களின் மனநிலை, சொல்லாதவர்களைவிட மோசமாக இருந்தது. உள்ளம் ஏற்காத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளம் அதற்கு எதிர்வாதம் தேடத் தொடங்கிவிடுகிறது.

ஆய்வில் தேறிய பயிற்சிகள் அழகைப் பற்றிப் பேசுவதே குறைவு. கண்ணாடி பார்ப்பது, பிறரிடம் கேட்பது, மறைப்பது, ஒப்பிடுவது ஆகியவற்றைத்தான் அவை படிப்படியாகக் குறைக்க வைக்கின்றன. ஒரு நாளில் எத்தனை முறை கண்ணாடி பார்த்தோம் என்று குறித்துக்கொள்வது முதல் படி. பிறகு, தொப்பியோ மாஸ்க்கோ கனத்த மேக்கப்போ இல்லாமல் பக்கத்துக் கடைக்குப் போய் வருவது. போவதற்கு முன், 'எல்லோரும் என்னையே பார்ப்பார்கள்' என்ற எண்ணத்தை எழுதிவைத்து, வந்த பின் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுவது. ஒரு தழும்பை மட்டும் நெருங்கிப் பார்க்காமல், சாதாரணத் தூரத்தில் நின்று முழு முகத்தையும் தீர்ப்புச் சொல்லாத சொற்களில் விவரிப்பது.

'பாடி டிஸ்மார்பிக் டிஸ்ஆர்டர்' எனப்படும் தீவிரமான தோற்றக் கவலை நோய் உள்ள 94 பேரிடம் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் இணையம் வழியே 12 வாரங்கள் ஓர் ஆய்வு நடத்தியது; ஒரு பிரிவினருக்கு இத்தகைய சிகிச்சையும் மற்றவர்களுக்கு ஆறுதலான உரையாடலும் கிடைத்தன. 2016இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களில் 56 சதவீதம் பேருக்கு நோயின் கடுமை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தணிந்தது. ஆறுதலான உரையாடல் மட்டும் கிடைத்தவர்களில் அப்படிக் குறைந்தவர்கள் 13 சதவீதமே. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 'பெர்ஸ்பெக்டிவ்ஸ்' என்ற செல்போன் ஆப்பை 80 பேரிடம் சோதித்தது. அதுவும் 12 வாரங்கள், அதிலும் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அங்கே ஒப்பிட்டது சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களோடுதான். அதனால் ஸ்வீடன் சான்றையே நான் வலுவானதாக எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டிலிருப்பவர்களும் இதில் கவனிக்க ஒன்று உண்டு. "அம்மா, இந்தத் தழும்பு தெரியுதா?" என்று மகள் கேட்கிறாள். "தெரியவே இல்லடா கண்ணு" என்கிறோம். ஐந்து நிமிடம் நிம்மதி, மறுபடி அதே கேள்வி. பாசத்தில் சொல்லும் அந்தப் பதில்தான் கேள்வியை உயிரோடு வைத்திருக்கிறது. "இதப் பத்திப் பேச வேண்டாம்மா, வா, கடைக்குப் போயிட்டு வரலாம்" என்பது சொல்ல வலிக்கும், ஆனால் அது உதவும்.

நம்பிக்கை: தோற்றக் கவலை பெண்களின் பிரச்சினை.

2008இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பில் இந்த நோய் பெண்களில் 2.5 சதவீதம், ஆண்களில் 2.2 சதவீதம். உடம்பு ஏறவில்லை என்று ஜிம்மே கதியாகக் கிடக்கும் இளைஞர்களில் சிலருக்கும் இதே நோய்தான். அவர்களை யாரும் கேட்பதில்லை.

நம்பிக்கை: ஆப்பில் சொல்வது ஆப்போடு போய்விடும்.

போவதில்லை. பயனர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக, இணைய வழி மனநல ஆலோசனை நிறுவனமான 'பெட்டர்ஹெல்ப்' மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2023இல் அந்த நிறுவனம் 78 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. முகப் படத்தைக் கேட்கும் எந்த ஆப்பையும், ஏன் கேட்கிறது என்று தெரியாமல் திறக்காதீர்கள்.

நம்பிக்கை: ஆப் இருந்தால் மனிதர் வேண்டாம்.

மனநல ஆப்புகளை இறக்கியவர்களில் 30ஆம் நாளில் திறந்து பார்ப்பவர்கள் இடைநிலை அளவாக 3.3 சதவீதம்தான் என்கிறது 2019இல் வந்த ஓர் ஆய்வு. மேலே சொன்ன ஸ்வீடன், பாஸ்டன் பயிற்சிகள் இரண்டும் வெற்றி பெற்றதில் ஒரு பங்கு, மறுமுனையில் செய்தி அனுப்பி விசாரித்த மனிதருக்கு உரியது. தானியங்கி உரையாடல்கள் இளையோருக்கு முன்தடுப்பாகச் சிறிய பலன் தரலாம். முற்றிய நோய்க்கு அவை சிகிச்சை ஆகாது.

இந்த நோயில் தற்கொலை எண்ணம் அதிகம். அழகுச் சிகிச்சையும் பெரும்பாலும் மனதை ஆற்றுவதில்லை; கவலை வேறோர் உறுப்புக்கு நகர்ந்துவிடுகிறது. வெளியே போவதையே ஒருவர் நிறுத்திவிட்டார், வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறார் என்றால் ஆப் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. நாள் முழுவதும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.