நெட் இல்லாமலும் பாடம் நடக்கும்: தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 17 குறிப்புகள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 4, 5-ஆம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். ஈராசிரியர் பள்ளி. 2018-ல் 1-ஆம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்தபோது, பாடத்தோடு அச்சாகியிருந்த கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் காட்டி, “இதை என்ன டீச்சர் செய்யறது?” என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியையிடம் கேட்டவள் நான். அதற்குப் பிறகு கைப்பழக்கமாகத் தங்கியவற்றை மட்டும் எழுதுகிறேன். இவற்றில் பாதி, இரவு பாத்திரம் கழுவி முடித்தபின் வீட்டில் செய்துவைக்கிற வேலைகள்.

1. ஒரு பருவத்துக்கு ஒரு கருவி போதும். பயிற்சி வகுப்பில் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு செயலிகளின் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் போனில் ஏற்றினால் மெமரிதான் நிறையும். உங்கள் வகுப்பு இப்போது எதில் தடுமாறுகிறது? வாசிப்பிலா, பின்னத்திலா, வீட்டுப்பாடத்திலா? அதற்கு உதவும் ஒன்றை மட்டும் எடுங்கள். முதல் பருவம் முழுக்க நான் க்யூ.ஆர். கோடு ஸ்கேன் செய்வதைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

2. கற்றுத் தருபவர் உங்கள் போனைத் தொடக் கூடாது. என் மகளிடம் சந்தேகம் கேட்டால், “குடும்மா, நானே பண்ணித் தரேன்” என்று வாங்கி நாலு தட்டில் முடித்துவிடுவாள். மறுநாள் வகுப்பில் எனக்குக் கை ஓடாது. இப்போது வீட்டில் ஒரு ஒப்பந்தம்: அவள் வாயால் சொல்வாள், நான்தான் அழுத்துவேன். அழுத்தியதை ஒரு 40 பக்க நோட்டில் என் மொழியிலேயே எழுதிக்கொள்வேன்: “வலது மேல் மூலை, மூன்று புள்ளி, அதில் மூன்றாவது வரி.” பக்கத்தில் தேதியும் போடுங்கள். செயலி புதுப்பிக்கப்பட்டதும் பட்டன் இடம் மாறும். நாம் மறந்துவிட்டோமா, அது மாறிவிட்டதா என்று தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. முந்தின இரவு, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாடத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். வீட்டில் எது வட்டமடித்து நிற்கிறதோ அது வகுப்பிலும் நிற்கும். எங்கள் பள்ளியில் வேப்பமரத்தடியில் நின்றால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். வகுப்பறைக்குள் வந்தால் அதுவும் போய்விடும். முதல் வருடம் காணொளி சுற்றிக்கொண்டே இருக்க, பிள்ளைகள் என் முகத்தையே பார்க்க, பத்து நிமிடம் போயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்க வைத்திருக்கலாம். தீக்ஷா செயலியில் பாடத்துக்கான காணொளியைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. வீட்டில் நெட் இருக்கும்போதே ஸ்கேன் செய்து, இறக்கி, திறந்தும் பார்த்துவிடுங்கள். ஏரோப்ளேன் மோடில் ஓடாத எதையும் மறுநாள் பாடத்தில் வைக்காதீர்கள்.

4. காணொளியை 480 தரத்தில் இறக்கினால் போதும். வகுப்பறை டி.வி.யில் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் டேட்டா மிச்சமாகும்.

5. போனிலிருந்து பெரிய திரைக்குப் போக மூன்று வழிகள். எளிதானது பென்டிரைவ். கைக்கடக்கமான ஓ.டி.ஜி. இணைப்பு ஒன்றை வாங்கிக்கொண்டால் போனிலிருந்தே பென்டிரைவுக்குக் காணொளியை மாற்றி, டி.வி.யில் செருகிவிடலாம். இரண்டாவது, போன் திரையை அப்படியே டி.வி.யில் காட்டும் ஸ்கிரீன் மிரரிங். பல போன்களிலும் ஸ்மார்ட் டி.வி.களிலும் இதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை. இரண்டும் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். மூன்றாவது எச்.டி.எம்.ஐ. கேபிள். கேபிள் வாங்குமுன் கடைக்காரரிடம் உங்கள் போனைக் கொடுத்துச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா போன்களும் சார்ஜ் குழி வழியாகப் படத்தை வெளியே அனுப்புவதில்லை.

6. திரையில் போட்டதைக் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து நீங்களே படித்துப் பாருங்கள். ஒருமுறை புரொஜெக்டரில் ‘பட்டம் பறந்தது’ என்று போட்டு, பார்த்து எழுதச் சொன்னேன். கடைசி வரிசைப் பையன் ‘படடம பறநதது’ என்று எழுதியிருந்தான். மெய்யெழுத்தே தெரியவில்லையே என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டேன். மறுநாள் அவனை முன்வரிசையில் உட்காரவைத்தபோது ஒரு புள்ளி விடாமல் எழுதினான். ஜன்னல் வெளிச்சத்தில் வெளிறிப்போன திரையில் புள்ளிகள் அவன் கண்ணுக்குப் போகவே இல்லை. அவன் பெற்றோரிடம் கண் பரிசோதனைக்கும் சொல்லி அனுப்பினேன். தமிழ் எழுத்துக்குப் புள்ளியும் சுழியும் உயிர். வெள்ளைப் பின்னணி, கறுப்புத் தடித்த எழுத்து, பக்கத்துக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.

7. போனைத் திரையில் இணைக்குமுன் ‘தொந்தரவு செய்யாதே’ வசதியை இயக்கிவிடுங்கள். நான் மறந்த ஒருநாள், பாடத்தின் நடுவில் என் கணவரின் செய்தி திரையின் உச்சியில் வந்து நின்றது: “சிலிண்டர் வந்தாச்சு. சில்லறை எங்க இருக்கு?” நான் அணைப்பதற்குள் வகுப்பே உரக்கப் படித்தது. வாசிக்கச் சொன்னால் வாயே திறக்காத ஒரு பெண்ணின் குரலும் அதில் கேட்டது. பாடப்புத்தக வரி அவளுக்கு யாரோ யாருக்கோ எழுதியது. இது உண்மையான ஒருவர் உண்மையாகக் கேட்ட கேள்வி. அதிலிருந்து வாரம் ஒருநாள், ‘பால்காரர் வந்தாரா?’, ‘ஆட்டைக் கட்டிட்டியா?’ என்பது போன்ற குறுஞ்செய்திகளைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டு, பதிலை நோட்டில் எழுதச் சொல்கிறேன். இந்த வேலையை அவர்கள் கேட்டு வாங்கிச் செய்கிறார்கள்.

8. ஐந்து நிமிடக் காணொளியைப் பதினைந்து நிமிடம் காட்டுங்கள். நிறுத்துங்கள், “அடுத்து என்ன ஆகும்?” என்று கேளுங்கள், பிறகு ஓட விடுங்கள். கையில் கொண்டுவர முடிந்த எதற்கும் காணொளி வேண்டாம். விதை முளைப்பதைக் காட்ட ஒரு பிடி பச்சைப்பயறும் ஈரத்துணியும் போதும். எரிமலைக்கும் திமிங்கிலத்துக்கும் திரையைப் பயன்படுத்துங்கள்.

9. பிள்ளைகள் கையில் போன் இல்லையா? ஒரே ஒரு போன் போதும். பிளிக்கர்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு வடிவம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள். நீங்கள் செயலியைத் திறந்து கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை ஓட்டினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்று போன் திரையில் வந்துவிடும். எழுத்துகள் பொடியாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்துப் பிடிக்க முடியாது.

இதன் அருமை எனக்குப் பின்னப் பாடத்தில் தெரிந்தது. 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். கை தூக்கச் சொல்லும்போது எப்போதும் தூக்குகிற ஐந்து பேர் சரியாகச் சொல்வார்கள், நானும் அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். அன்று அட்டையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 1/4 என்று பிடித்திருந்தார்கள். 4 பெரிய எண் அல்லவா! மதியம் சத்துணவோடு வந்த வாழைப்பழத்தை மூன்றாகவும் நான்காகவும் வெட்டிக் காட்டிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அட்டைகள் திரும்பின. இவ்வளவு பேருக்கு இது புரியாமலே எத்தனை வருடம் நான் பாடத்தை முடித்திருக்கிறேன் என்று அன்றைக்கு மனசு கனத்தது.

10. அந்த அட்டைகள் கிழியாமல் இருக்க, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். பளபளப்பாக லேமினேஷன் செய்ய வேண்டாம்; வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படிக்காது. பிடிக்கும்போது விரல் கறுப்பு வடிவத்தை மறைக்கக் கூடாது என்று முதல்நாளே பழக்கிவிடுங்கள்.

11. கணக்குக்கும் அறிவியலுக்கும் பெட் என்ற இலவசத் தளம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பின்னத்தைத் துண்டு துண்டாக இழுத்து வைத்துப் பார்க்கலாம், கட்டம் அடுக்கிப் பரப்பளவு காணலாம். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பதிவிறக்கி வைத்தால் நெட் இல்லாமல் ஓடும், அதனால் 3-ஆம் குறிப்பில் இது தேறிவிடும்.

12. கதைக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கியது. தமிழ்க் கதைகள் ஏராளமாக, வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்துப் படத்தோடு இருக்கின்றன. இலவசமாக இறக்கலாம், அச்சிட்டும் கொடுக்கலாம். வகுப்பு எதுவானாலும் பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து தொடங்குங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அதே கண்ணோடு தேர்ந்தெடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நிலைக் கதையைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லார் முன்னாலும் கொடுக்காதீர்கள்.

13. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்கு விதிகள் வைத்திருக்கிறேன். குழுவில் ஆசிரியர் மட்டுமே செய்தி போடும்படி அமைத்துவிட வேண்டும். எழுத்தைவிடக் குரல் நல்லது, படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்பார். ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பயிற்சித்தாளைப் படமாக அனுப்பினால் எழுத்து மங்கும், ‘ஆவணம்’ என்பதைத் தேர்ந்து அனுப்பினால் தெளிவு குறையாது. இரவு 8 மணிக்கு முன் வீட்டுப்பாடம் அனுப்பாதீர்கள். சித்தாள் வேலைக்குப் போன அம்மா வந்து போனைக் கையில் தந்தால்தான் பிள்ளைக்குப் பாடம். போனே இல்லாத வீட்டுக்குத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புவதை ஒருநாளும் விடாதீர்கள்.

14. பாடத்தைப் பதிவு செய்ய ஸ்டாண்டு வாங்க வேண்டாம். 2020 ஊரடங்கில் ஓர் ஆசிரியை ஃப்ரிட்ஜின் கண்ணாடித் தட்டை இரண்டு டப்பாக்களின் மேல் வைத்து, அதன்மேல் போனைக் கவிழ்த்து, கீழே தாளில் எழுதிக் காட்டிய படம் நாடு முழுக்கப் பரவியது நினைவிருக்கும். இன்றும் எனக்கு அதுதான். தட்டை ஈரமில்லாமல் துடையுங்கள். எதிரொலி வந்தால் துணி பீரோவைத் திறந்துவைத்து அதன் எதிரே உட்கார்ந்து பேசுங்கள், குரல் அடங்கி வரும். ஸ்பீக்கர் இல்லாத வகுப்பில், போனின் ஒலித்துளை உள்ளே இருக்கும்படி ஒரு மண்கலயத்தில் இறக்கி வைத்தால் பாட்டு அறைக்குக் கேட்கும். எவர்சில்வர் டம்ளரும் உதவும், ஆனால் கணகணவென்று இருக்கும்.

15. பழைய வினாத்தாள்களைத் திரும்பத் தட்டச்சு செய்து கை வலிக்க வேண்டாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருப்பவை வேறு கணினியில் கிறுக்கலாகத் தெரியும். இனி எதையும் யூனிகோடிலேயே எழுதுங்கள். அச்சிட்ட தாளைப் படமெடுத்துக் கணினியில் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் திருத்தக்கூடிய எழுத்தாக வந்துவிடும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புதிதாக எழுத, போன் கீபோர்டின் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினாலே போதும்.

16. ஏ.ஐ. கருவியிடம் பயிற்சிக் கேள்வி கேட்கலாம், விடையை நம்பி அச்சடிக்கக் கூடாது. குறள் கேட்டால் வள்ளுவர் எழுதாத குறளையும் ஏழு சீரில் எழுதித் தரும். ஒலி, ஒளி, ஒழி என்று வரும் இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். பிள்ளைகளின் பெயரையோ மதிப்பெண்ணையோ குடும்ப விவரத்தையோ எந்தக் கருவியிலும் ஏற்றாதீர்கள்; பிளிக்கர்ஸில்கூட நான் வரிசை எண் மட்டுமே கொடுத்திருக்கிறேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளை அழகாகப் பாடியதைப் பெருமையோடு ஸ்டேட்டஸில் போடுமுன் அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் போட்டு, ஒரு தாய் மறுநாள் வாசலில் வந்து நின்று, “அவங்க அப்பா பக்கம் இது தெரியக் கூடாது டீச்சர்” என்று மெல்லச் சொன்னார். உடனே எடுத்துவிட்டேன். ஓர் இரவு முழுக்க அது கிடந்ததை என்னால் எடுக்க முடியவில்லை.

17. வகுப்பறைக் கருவிகளுக்குப் பெரிய எதிரி சாக்பீஸ் தூள். கரும்பலகையைத் துடைக்குமுன் புரொஜெக்டரை ஒரு துணியால் மூடுங்கள். ஓடும்போதும் அணைத்தவுடனும் மூடக் கூடாது, சூடு தணிய வேண்டும். போனின் ஒலித்துளையிலும் சார்ஜ் குழியிலும் படியும் தூளை, தண்ணீர் படாத புது பெயின்ட் பிரஷ்ஷால் வெள்ளிக்கிழமைதோறும் தட்டிவிடுங்கள். டி.வி. திரைக்கு ஈரத்துணியும் டிஷ்யூ தாளும் ஆகாது. பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி வேட்டித் துணி இருந்தால் அதுவே சிறந்தது. எங்கள் பள்ளியில் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு டி.வி.க்குக் கீழே வைத்திருக்கிறோம். துடைக்கும் முறை இந்த வாரம் 4-ஆம் வகுப்புக்கு.