கூலி வாகனம் விபத்துக்குள்ளானால்

காணி துப்புரவு செய்யவும் கிணறு இறைக்கவும் யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் நாட்களில், நாலு வீட்டார் சேர்ந்து ஓட்டோவோ வானோ பிடித்துக் காசைப் பங்கிடுகிறோம். அது பண்ணைப் பாலத்தடியில் புரண்டால் காயப்பட்டவருக்கு யார் பொறுப்பு?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, தெருவில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆனால் பத்திரத்தில் 'சொந்தப் பாவனை' என்றிருந்தால், கூலிக்கு ஓடியபோது நேர்ந்த விபத்துக்குக் காப்புறுதிக் கொம்பனி மறுப்புச் சொல்லலாம். 2015இல் கொழும்பில் தொடங்கிய பிக்மீ, ஊபர் போன்று கைத்தொலைபேசியில் அழைக்கும் வாகனங்களுக்கும் இதே கதைதான். (அவற்றில் ஒரு நன்மை: சாரதி பெயர், வாகன இலக்கம், நேரம் எல்லாம் கைத்தொலைபேசியில் கிடக்கும். அழித்துவிடாதீர்கள்.) ஏறுமுன், "தம்பி, இது ஹயருக்குக் காப்புறுதி செய்ததோ?" என்று கேட்பதில் வெட்கமில்லை.

விபத்து நடந்ததும் சாரதி கையைப் பிடித்து, "அண்ணை, சொந்தக்காரர் எண்டு பொலிசிலை சொல்லுங்கோ" என்பார். அவரும் நம்மைப்போல் இடம்பெயர்ந்தவராயிருப்பார், மனம் இளகும். ஆனாலும் அப்படிச் சொல்லவேண்டாம். முறைப்பாட்டில் எழுதியது பின்னர் நீதிமன்றில் உங்களையே மறிக்கும். கொம்பனி மறுத்தாலும், கவனயீனத்தை நிரூபித்தால் சாரதியிடமும் அவரை வேலைக்கு வைத்தவரிடமும் நட்டஈடு கேட்கலாம். தெருவிலேயே கொஞ்சக் காசை வாங்கிக்கொண்டு கையெழுத்து வைப்பதும் இதே வகைப் பிழைதான்.

முறைப்பாட்டுப் பிரதி, ஆஸ்பத்திரி நோய் நிர்ணய அட்டை, மருந்துச் சிட்டைகள் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

நீதவான் நீதிமன்றில் சாரதி கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்கே போகும். நட்டஈட்டு வழக்கு வேறு. அது மாவட்ட நீதிமன்றில், விபத்து நடந்து 2 வருடங்களுக்குள் தொடுக்கப்பட வேண்டும். வழக்குத் தொடுக்குமுன், அல்லது தொடுத்து 7 நாட்களுக்குள், காப்புறுதிக் கொம்பனிக்கு அறிவித்தல் போகவேண்டும். இதைத் தவறவிட்டால் தீர்ப்பு கிடைத்தும் கொம்பனியிடம் காசு வாங்கமுடியாது போகலாம்.

நம்மவர் தவறவிடுவது பெரும்பாலும் முகவரியால். வீடு மாறினால் பொலிசுக்கும் சட்டத்தரணிக்கும் அறிவியுங்கள். பழைய விலாசத்துக்குப் போகும் அழைப்பாணை உங்களைத் தேடிவராது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு அந்தப் பையோடு போகலாம்.