ஆனியில் அந்தமான்

மேற்கே சஹ்யாத்ரி மலை மேகங்களைத் தடுத்து வைத்துக்கொள்ள, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்காற்று மட்டும் வந்து சேரும் பிரதேசம் எங்கள் மூலனூர். ஆனி பிறந்துவிட்டால் காற்றாலைகள் இரவு பகலாகச் சுழலும். கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல் தரையோடு படியும். தெருப் புழுதி சோற்றுத் தட்டு வரை வந்து சேரும். ஒரு தூறலுக்காக ஆகாயத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். அந்தத் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடுவதற்குப் பத்து நாட்கள் முன்பாகவே, மே மாதம் மூன்றாம் வாரத்தை ஒட்டி, அந்தமான் கடலில் இறங்கிவிடுகிறது என்று ஆண்டுதோறும் பத்திரிகையில் படித்துவந்த எனக்கு, மழையோடு கூடிய அந்தக் காற்றை ஒருமுறையேனும் நேரில் கண்டு வரவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. பருத்தி அரவை ஆலையில் கணக்கு எழுதும் வேலை சற்று மெலிந்திருந்த ஓர் ஆனி மாதத்தில் அதற்கு வாய்ப்புக் கிட்டியது.

“ஏண்டா, மழக்காலத்துல ஆராச்சும் தீவுக்குப் போவாங்களா? அதுவும் ஒண்டியா?” என்று அக்கா கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே முதல் டிசம்பர் வரை இரண்டு பருவக்காற்றுகளும் மாறி மாறி அதை நனைக்கின்றன. வெயிலும் தெளிந்த கடலும் வேண்டுவோர் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் போய்வருவதே உசிதம். எனக்கோ மழையே பிரயாணத்தின் பிரயோஜனமாக இருந்தபடியால், கூட்டமில்லாத அந்த மாதத்தில், விடுதி அறையும் பாதி வாடகைக்குக் கிடைக்க, சென்னையிலிருந்து விமானமேறி இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் போர்ட் பிளேயரில் இறங்கினேன்.

அங்கே செல்வோர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது கடிகாரத்தைப் பற்றிய பழக்கம். அத்தீவு எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 15 பாகை கிழக்கே இருக்கிறது. 15 பாகைக்குச் சூரியக் கணக்கில் ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் கடிகாரம் மட்டும் நம்முடையதே. ஆகவே காலை ஐந்து மணிக்கே பொழுது புலர்ந்துவிடுகிறது. மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிட, மழை மூடிய நாட்களில் ஐந்து மணிக்கே இருட்டு கவிகிறது. முதல் நாள் நம்மூர்ப் பழக்கப்படி ஒன்பது மணிக்கு நிதானமாகப் புறப்பட்டவன், கடற்கரைப் பாதையொன்றில் அந்தியில் விளக்குமின்றி, வழி கேட்க ஆளுமின்றித் திகைத்து நின்றேன். மறுநாள் முதல் விடியற்காலையிலேயே கிளம்பிப் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்பதை விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதையும் ஒரு விரதம் போலக் கைக்கொண்டேன். தனியே போகிறவனைத் தேட ஒருவராவது இருக்கவேண்டும்.

மழையின் காரணமாகச் செல்லுலார் சிறையில் மறுநாள் காலை என்னைத் தவிர நான்கைந்து பேரே இருந்தார்கள். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறை, நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிந்த ஏழு கட்டடங்களைக் கொண்டிருந்தது. இன்று நிற்பவை மூன்று. ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்குமாறு அமைத்திருப்பதால், கைதி ஒருவன் மற்றொருவன் முகத்தைக் காணவே வழியில்லை. அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் செக்கின் முன்னால் வெகு நேரம் நின்றேன். நாளொன்றுக்கு ஒரு கைதி 30 ராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்டவேண்டும் என்பது அங்கே விதித்திருந்த அளவு. ஏறத்தாழ பதின்மூன்றரைக் கிலோ. எங்கள் பக்கத்துக் காங்கயத்தில் கொப்பரை வியாபாரம் பார்த்துப் பழகியவனாதலால் மனம் தானாகக் கணக்குப் போட்டது: நூற்றுக்கு அறுபத்தைந்து எண்ணெய் கண்டாலும், 20 கிலோவுக்கு மேற்பட்ட கொப்பரையை, மாடு சுற்றவேண்டிய செக்கில் மனிதன் சுற்றி, ஒரே நாளில் பிழிந்தெடுக்கவேண்டும். கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்ததைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன்தான் நான். என்றாலும் அதை எடைக்கணக்காக நினைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே மழை ஓட்டின்மேல் இரைந்துகொண்டிருந்தது. பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாதது நல்லதாயிற்று. அந்தமான் போகிறவர்கள் இச்சிறைக்கு ஒரு மழை நாள் காலையை முழுதாக ஒதுக்கிவிடுங்கள். வெயில் நாட்களைக் கடலுக்கு வைத்துக்கொள்ளலாம். மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சி திறந்தவெளியில் நடப்பதால் மழையில் அதை நம்ப இயலாது.

மூன்றாம் நாள், ஸ்வராஜ் தீவு என்று 2018இல் பெயரிடப்பெற்ற ஹேவ்லாக்குக்குக் கப்பலேறினேன். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் குடியேறி, கோவிந்த நகர், ராதா நகர், கிருஷ்ண நகர் என்று தங்கள் பக்திக்கேற்பக் கிராமங்களுக்குப் பெயர் சூட்டிய தீவு அது. ஆசியாவின் சிறந்த கடற்கரைகளில் ஒன்றெனப் புகழ்பெற்ற ராதா நகர்க் கரைக்கே எல்லோரும் ஓடுகிறார்கள். அது மேற்கு நோக்கிய கரையாதலால், தென்மேற்குக் காற்று நேரே மோதி, ஆனியிலும் ஆடியிலும் அங்கே அலை ஆளுயரத்துக்கு எழும்புகிறது. கிழக்கேயுள்ள விஜய நகர், காலாபத்தர் கரைகளோ, தீவே சுவராக நின்று காற்றை மறைத்துவிடுவதால், அதே நாளில் அடங்கிக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் எந்தக் கரை என்பதைக் காற்றின் திசையைக் கேட்டு முடிவு செய்யவேண்டும் என்ற எளிய விஷயத்தை, மேற்குக் கரையில் ஒரு முழு நாள் அலையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த பிறகே அறிந்தேன். கிழக்குக் கரையிலும் தனியாக இடுப்பளவுக்கு மேல் இறங்கவில்லை. உவர்நீர் முதலைகள் உள்ள தீவுக்கூட்டமாகையால், கழிமுகங்களின் பக்கம் போகவே இல்லை.

திரும்ப வேண்டிய நாளில் காற்று மிகுந்து கப்பல்கள் நின்றுவிட்டன. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. துறைமுகத்தில் குழந்தைகளோடு அலைமோதிய குடும்பங்களைப் பார்க்க வருத்தமாக இருந்தது. சிலருக்கு அன்று மாலையே விமானம். நானும் அவ்வாறே சிக்கியிருப்பேன்; ஊரில் ஆலை நண்பரொருவர், “கடைசி மூணு நாளையும் போர்ட் பிளேயர்லயே வெச்சுக்கங்க, காத்து நம்ம பேச்சக் கேக்காதுங்க” என்று சொல்லியனுப்பியதால் தப்பினேன். பருவமழையில் தீவுக்குப் போகிறவர்கள் வெளித் தீவுகளை முதலில் முடித்துக்கொண்டு, விமானத்துக்கு முன்பாகக் குறைந்தது இரண்டு நாட்களை வெறுமனே விட்டு வைப்பது மிக மிக அவசியம். கையில் ரொக்கமும், மருந்தும் அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்தே இருக்கவேண்டும்.

அந்த இரண்டு நாளும் நான் செய்தது, விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து மழை பார்த்தது ஒன்றே. பாக்கு மரங்களின்மேல் பெய்யும் மழைக்கு ஓர் ஓசை, தகரத்தின்மேல் ஓர் ஓசை, கடலின்மேல் பெய்யும்போது ஓசையே இல்லாத ஒரு வெண்மை. எங்கள் ஊரில் ஓராண்டில் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர். அதில் எத்தனை பங்கு அந்த இரண்டு நாளில் என் கண்முன் பெய்திருக்குமோ! ஒருமுறை என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன். இதற்காகத்தான் வந்தேன் என்பது அப்போது நன்றாக விளங்கியது.

திருப்பூர்ச் சீமைக்காரன் துணியைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. பருத்தியில் ஈரம் 8 விழுக்காட்டை மிஞ்சினாலே விலையைக் குறைக்கும் தொழிலில் இருந்துகொண்டு, அங்கே நான் எடுத்துச் சென்றதெல்லாம் பனியன் துணிச் சட்டைகள்! பருத்திப் பின்னலாடை உடம்புக்கு இதமானது, சந்தேகமில்லை. ஆயினும் கடற்காற்றிலேயே நீர் நிறைந்திருக்கும் ஊரில் அது ஒருமுறை நனைந்தால் மூன்று நாளானாலும் காய்வதில்லை. பிறகு வாடை வீசத் தொடங்குகிறது. சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் சட்டை இரண்டும், தூங்குவதற்கென்று பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்த பருத்தி வேட்டி ஒன்றும் போதும். தோல் செருப்பு வேண்டாம். ரப்பர்ச் செருப்பே சௌகரியம். சிப்பியும் பவளத்துண்டும் கரையில் அழகாகக் கிடந்தாலும் எடுத்து வருவது சட்டவிரோதம். பைகளை விமான நிலையத்தில் சோதிக்கிறார்கள்.

பேருந்திலிருந்து மூலனூரில் இறங்கியபோது காற்று முகத்தில் மண்ணை வாரி அடித்தது. ஐந்து நாளாக ஈரத்தோடு மடித்துக் கிடந்த சட்டைகளை அக்கா வாங்கிக்கொண்டுபோய்க் கிளுவை வேலியின்மேல் விரித்தாள். நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் அவை காய்ந்து மொடமொடத்துவிட்டன.